வெள்ளவத்தையில் ஒரு சனிக்கிழமை வகுப்பு: மதம், அரசு, அரசியலமைப்பு

கொழும்பில் தமிழ்மொழி மூலம் சட்டம் கற்க விரும்புவோருக்கு வழிகள் சில உள்ளன; ஆனால் அவை பெரும்பாலும் பரீட்சையை நோக்கியவை. எந்தச் சான்றிதழையும் எதிர்பாராத ஒருவர், நாட்டின் அரசியலமைப்பில் மதத்துக்கு என்ன இடம் தரப்பட்டுள்ளது, அந்த இடம் தம்முடைய வழிபாட்டையும் திருமணத்தையும் இறுதிக் கிரியையையும் எவ்வாறு தொடுகிறது என்று அறிய விரும்பினால், அவருக்கென்று ஒரு வகுப்பைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், தனியார் கல்வி நிலையமொன்றின் மேல்மாடியில் சனிக்கிழமை பிற்பகல்களில் நடைபெறும் 'மதம், அரசு, அரசியலமைப்பு' என்னும் குறுகிய காலப் பாடநெறி அந்தத் தேவைக்காகவே அமைக்கப்பட்டது. அதை முழுமையாகப் பின்தொடர்ந்தவன் என்ற வகையில், செலவிடும் பணத்துக்கும் நேரத்துக்கும் இது தகுந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, எங்கே இது சிறந்து நிற்கிறது, எங்கே திருத்தம் வேண்டி நிற்கிறது என்பதை எழுதுகிறேன்.

இதை நடத்துபவர்கள் ஒரு சிறு குழுவினர். அவர்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் புத்தகக் கடைகளில் வைக்கப்படும் துண்டுப் பிரசுரத்தைப் பார்த்தோ, ஒருவர் சொல்லி மற்றவர் கேட்டோதான் ஆட்கள் சேர்கிறார்கள். பிரதான வளவாளர், உயர் நீதிமன்றம் அமைந்துள்ள புதுக்கடையில் நெடுங்காலம் தொழில் புரிந்து ஓய்வுபெற்ற சட்டத்தரணி. சில அமர்வுகளை இளம் சட்டத்தரணிகள் இருவர் எடுக்கிறார்கள். கட்டணம், இதே கட்டடத்தில் நடக்கும் உயர்தர வகுப்பொன்றின் மாதக் கட்டணத்தைவிடக் குறைவு. நான் இருந்த பிரிவில் இந்துக்கள், முஸ்லிம்கள், கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தியர் எனப் பலதரப்பட்டவர்கள் இருந்தார்கள். தமிழ் நன்கு பேசும் சிங்கள பௌத்தர் ஒருவரும் தொடர்ந்து வந்தார். இந்தக் கலவையே வகுப்பின் பாதிப் பெறுமதி. ஒரே மதத்தவர் மட்டும் கூடியிருக்கும் அறையில் இவ்விடயம் பேசப்படும்போது குறை சொல்வதோடு முடிந்துவிடும். இங்கே ஒவ்வொரு கூற்றுக்கும் சட்ட வாசகத்தைக் காட்ட வேண்டியிருந்தது.

பாடம் 1815 ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தத்திலிருந்து தொடங்குகிறது. அதன் 5 ஆவது வாசகம் பௌத்த மதத்தை மீறப்படத் தகாதது என்று அறிவித்து, அதன் சடங்குகளையும் குருமாரையும் வழிபாட்டிடங்களையும் பேணிப் பாதுகாப்பதாகப் பிரித்தானிய முடியின் பெயரால் உறுதியளித்தது. மிஷனரிமாரின் அழுத்தத்தால் அந்தப் பொறுப்பிலிருந்து ஆங்கிலேயர் பின்னர் படிப்படியாக விலகிக்கொண்டனர். பௌத்தத்துக்கு அரசு செய்ய வேண்டிய கடமை என்று இன்று பேசப்படுவதன் பின்னால், பறிக்கப்பட்ட ஒரு வாக்குறுதி பற்றிய நினைவும் இருக்கிறது என்பதைச் சிறுபான்மையினர் நிறைந்த அறையில் முதல் நாளிலேயே சொல்வதற்கு நேர்மை வேண்டும். வளவாளர் அதைத் தயக்கமின்றிச் சொன்னார். மறுபக்கத்தின் நியாயத்தை அதன் வலிமையான வடிவத்தில் கேட்ட பிறகுதான் அடுத்த வாரங்களில் நாம் எழுப்பிய எதிர்வாதங்களுக்குப் பெறுமதி வந்தது.

அடுத்து வருவது, சுதந்திரத்தின்போது நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2) ஆம் பிரிவு. எந்தவொரு மதத்தின் சுதந்திரமான அனுட்டானத்தையும் தடைசெய்யும் சட்டத்தையோ, ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மட்டும் சலுகை தரும் அல்லது இடர் விளைவிக்கும் சட்டத்தையோ, ஒரு மத நிறுவனத்தின் யாப்பை அதன் ஆளும் சபையின் சம்மதமின்றி மாற்றும் சட்டத்தையோ பாராளுமன்றம் இயற்ற முடியாது என்று அது கூறியது. நம்மவர்கள் மேடைகளில் இந்தப் பிரிவை இழந்த பொற்காலமாகப் பேசுவது வழக்கம். வகுப்பு அந்த எண்ணத்தைச் சோதனைக்கு உட்படுத்துகிறது. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 ஆம் ஆண்டுச் சட்டம் இதே 29(2) நடைமுறையில் இருந்த காலத்தில்தான் நிறைவேறியது. கோடாக்கன்பிள்ளை வழக்கில் 1953 இல், அன்று நமக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றாக இருந்த பிரித்தானியக் கோமறைக் கழகம் அதற்குத் தடை காணவில்லை. அதே கழகம் 1964 இல் இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க வழக்கில் 29(2) ஐ மாற்ற முடியாத உறுதிப்பாடு என்று வர்ணித்தது. எட்டு ஆண்டுகளில் முழு அரசியலமைப்புமே மாற்றப்பட்டது. இவ்விரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் படித்தது எனக்கு மிகவும் பயன்பட்டது.

1956 முதல் 1960 வரையான பகுதி விரைவாகச் செல்கிறது. புத்த ஜயந்தி ஆண்டில் ஐக்கிய பிக்கு முன்னணியின் துணையோடு எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தது, 1957 யூலை 26 இல் செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தது, 1958 ஏப்ரலில் ரொஸ்மீட் பிளேசிலுள்ள தம் இல்லத்தின் முன் பிக்குமார் அமர்ந்ததையடுத்து அதைக் கைவிட்டது, 1959 செப்டெம்பரில் ஒரு பிக்குவின் துப்பாக்கிக்கே இரையானது ஆகியவை யாவரும் அறிந்தவை. உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்துக்கு இன்னும் சற்று நேரம் ஒதுக்கியிருக்கலாம். கத்தோலிக்கரின் கல்விச் செல்வாக்கை நோக்கிக் கொண்டுவரப்பட்ட அச்சட்டம் இந்துப் பாடசாலைகளையும் தொட்டது என்பதை, வகுப்பிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரே எழுந்து விளக்க வேண்டியிருந்தது.

1972 க்கு வரும்போது வகுப்பு மீண்டும் நிதானம் கொள்கிறது. அரசியலமைப்பு நிருணய சபை 1970 யூலையில் கொழும்பு நவரங்கஹலவில் கூடியது. அரசியலமைப்பு அலுவல்கள் அமைச்சராக இருந்தவர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. வாழ்நாள் முழுவதும் இடதுசாரியாக இருந்த ஒருவரின் கையால்தான் பௌத்தத்துக்கு முதன்மைத் தானம், அதாவது முதலிடம், என்ற 6 ஆம் பிரிவு எழுதப்பட்டது. தமிழரசுக் கட்சியினர் சமயச்சார்பற்ற அரசைக் கோரித் திருத்தம் கொண்டுவந்தனர், அது ஏற்கப்படவில்லை. அரசியலில் மதம் மதவாதக் கட்சிகள் வழியாக மட்டும்தான் நுழைகிறது என்று எண்ணியிருந்த இளைஞர்கள் சிலருக்கு இந்த அமர்வு அதிர்ச்சியாக இருந்தது. கூட்டணிக் கணக்கும் தேர்தல் கணக்கும் ஒருவரின் கொள்கையைவிட வலிமையாக இருந்த நேரம் அது. 2004 இல் சிங்கள பௌத்தக் கட்சியான ஜாதிக ஹெல உறுமயவின் பிக்குமார் ஒன்பது பேர் பாராளுமன்றம் சென்றதை நாம் பெரிய திருப்பமாகப் பேசுகிறோம். என் கருத்தில் அதைவிட ஆழமான திருப்பம், பாராளுமன்றத்தில் ஒரு பிக்குகூட இல்லாத 1972 இல் நிகழ்ந்துவிட்டது.

பாடநெறியின் உயிர் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பைப் பற்றிய அமர்வுகளில் இருக்கிறது. 9, 10, 14(1)(உ), 15(7), 16, 80(3), 83, 121, 126 ஆகிய உறுப்புரைகளை மட்டும் ஒரே தாளில் அச்சிட்டுத் தருகிறார்கள். அத்தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பேனாவால் கோடு இழுக்கச் சொல்கிறார் வளவாளர். 9 ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் வழங்கி, புத்த சாசனத்தைப் பாதுகாத்துப் பேணுவதை அரசின் கடமையாக்குகிறது. அதே மூச்சில் 10, 14(1)(உ) ஆகியவற்றின் உரிமைகளை எல்லா மதங்களுக்கும் உறுதிப்படுத்துகிறது. 10 ஆம் உறுப்புரை தரும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்துக்கு எந்த மட்டுப்பாடும் இல்லை. 14(1)(உ) தரும் வழிபாடு, அனுட்டானம், சாதனை, போதனை ஆகியவற்றுக்கோ 15(7) இன் கீழ்ப் பொதுச் சுகாதாரம், பொது ஒழுங்கு போன்ற காரணங்களால் சட்டத்தின் மூலம் மட்டுப்பாடு விதிக்கலாம். 83 ஆம் உறுப்புரையின்படி 9 ஐ மாற்றுவதற்கும் 10 ஐ மாற்றுவதற்கும் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு மக்கள் தீர்ப்பும் தேவை. 14(1)(உ) அந்தப் பட்டியலில் இல்லை. கோடுகள் இழுத்து முடித்ததும், நம் மனத்துக்குள் இருக்கும் நம்பிக்கைக்குச் சட்டம் உயர்ந்த மதிலையும், அந்த நம்பிக்கை கோயிலாக, பள்ளிவாசலாக, ஊர்வலமாக வெளியே வரும்போது தாழ்ந்த வேலியையும் கட்டியிருப்பது கண்முன் தெரிகிறது. இதைப் பல கட்டுரைகளில் படித்திருந்தேன். தாளில் என் கையால் வரைந்தபோதுதான் முழுமையாகப் புரிந்தது.

அதற்கடுத்த அமர்வே நான் இந்த மதிப்பீட்டை எழுதக் காரணம். பங்குபற்றுவோர் ஒவ்வொருவருக்கும் வெற்றுக் கட்டங்கள் கொண்ட தாள் ஒன்று கொடுக்கப்படுகிறது. முதற் கட்டத்தில் வர்த்தமானியில் சட்டமூலம் வெளியான நாள். அடுத்ததில் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் அது இடம்பெறும் நாள். பிறகு எந்தவொரு பிரஜையும் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யக்கூடிய குறுகிய காலம். அதன்பின் நீதிமன்றம் தன் தீர்மானத்தை அறிவிப்பதற்கான மூன்று வாரங்கள். கடைசிக் கட்டத்தில் சபாநாயகரின் சான்றுரை. அந்தக் கடைசிக் கட்டத்துக்குக் கீழே 80(3) ஆம் உறுப்புரை தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது: சான்றுரை பெற்றுச் சட்டமான பின் அதன் வலிதுடைமையை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. இந்தியாவில் ஒரு சட்டம் நிறைவேறி ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அதை எதிர்த்து வழக்காடலாம். இலங்கையில் அந்தக் கதவு சில நாட்கள் மட்டுமே திறந்திருக்கும். மத உரிமை பற்றிய நம் உரையாடல்கள் பெரும்பாலும் சட்டம் நிறைவேறிய பிறகே தொடங்குகின்றன என்ற உண்மை அந்தத் தாளை நிரப்பிக்கொண்டிருந்த எல்லோரையும் மௌனமாக்கியது. வர்த்தமானியை வாரந்தோறும் யார் பார்ப்பது என்று ஒரு மாணவி கேட்டார். அரசாங்க அச்சகத்தின் இணையத்தளத்தில் மூன்று மொழிகளிலும் அது கிடைக்கிறது என்றும், ஒவ்வொரு கோயில் பரிபாலன சபையும் பள்ளிவாசல் நிர்வாகமும் தேவாலயப் பங்குச் சபையும் ஒருவரை அதற்கென நியமிக்கலாம் என்றும் வளவாளர் பதிலளித்தார்.

தாளை நிரப்ப எடுத்துக்கொண்ட உதாரணம், மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைப்பதற்காக 2003 இல் வந்த தனிநபர் சட்டமூலம். கல்வியும் மருத்துவப் பணியும் செய்யும் ஒரு கன்னியர் சபை, சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் சட்ட ஆளுமை கோரியது; அதற்கு மேல் ஒன்றுமில்லை. மத அறிவைப் பரப்புவதும் சமூகப் பணியும் ஒரே சட்டமூலத்தில் சேர்ந்திருப்பது, எளியோரைத் தூண்டி மதம் மாற்ற வழிவகுக்கும் என்று ஆட்சேபிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம், ஒரு மதத்தைப் பரப்பும் உரிமையை நம் அரசியலமைப்பு அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை என்றும், சட்டமூலம் 9, 10 ஆம் உறுப்புரைகளுக்கு முரணானது என்றும் தீர்மானித்தது. சட்டமூலம் அங்கேயே நின்றுவிட்டது. கன்னியர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழுவிடம் சென்றனர். 2005 இல் அக்குழு, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனையின் 18, 26 ஆம் உறுப்புரைகள் மீறப்பட்டதாகக் கண்டது. மறு ஆண்டே சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம், அந்தக் குழுவிடம் முறையிட வழி செய்த விருப்ப நெறிமுறையில் இலங்கை இணைந்ததே அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறிவிட்டது. இந்தத் தொடரை ஒரே பிற்பகலில் கற்பித்த விதம் உண்மையில் பாராட்டத்தக்கது. முடிவை முதலில் சொல்லாமல், சட்டமூலத்தின் வாசகத்தை மட்டும் கையில் தந்து, நீங்கள் நீதியரசராக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்கள். இந்துக்கள் சிலர் ஆட்சேபித்தவரின் பக்கம் நின்றார்கள். மதமாற்றத்தை எதிர்க்கும் உணர்வு வன்னியிலும் மலையகத்திலும் நம் வீடுகளுக்குள்ளும் இருக்கிறது; அதை மறைக்காமல் பேச இடம் கொடுத்ததற்கு இவ்வகுப்புக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் எதிர்த் திசையில் ஓர் உதாரணம் வருகிறது. பலவந்த மதமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டமூலத்தை ஜாதிக ஹெல உறுமய 2004 இல் கொண்டுவந்தபோது, உயர் நீதிமன்றம் அதன் சில வாசகங்கள் 10 ஆம் உறுப்புரையை மீறுவதால் மக்கள் தீர்ப்பின்றி அவை நிறைவேற முடியாது என்று தீர்மானித்தது. அதே ஆண்டில் பௌத்தத்தை அரச மதமாக்க முயன்ற அரசியலமைப்புத் திருத்தச் சட்டமூலமும் அதே மதிலில் முட்டியது. 2007 இல் வெலிகம பள்ளிவாசல் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில் நீதிமன்றம், இலங்கை ஒரு சமயச்சார்பற்ற அரசு என்று வெளிப்படையாகவே எழுதியது. அந்த வழக்கின் விளைவு முஸ்லிம்களுக்கு உவப்பானதாக இருக்கவில்லை. ஆனாலும் அதன் காரணங்காட்டல் எல்லா மதத்தவரின் ஒலிபெருக்கிக்கும் பொருந்துவதாக எழுதப்பட்டது. இந்தியாவின் 25 ஆம் உறுப்புரை மதத்தைப் பரப்பும் உரிமையைச் சொல்லாலேயே தருகிறது. ஆயினும் 1977 இல் ஸ்ரனிஸ்லாஸ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், பரப்புதல் என்பது பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று கூறியதையும் சேர்த்தே படித்தோம். ஒரு நாட்டின் அரசியலமைப்பைக் குறை சொல்லி மற்றொன்றைப் போற்றும் சுலபமான வழக்கத்துக்கு இந்த ஒப்பீடு இடம் தரவில்லை.

கொவிட் காலக் கட்டாயத் தகனம் பற்றிய அமர்வு மிகவும் கனமானது. 2020 ஏப்ரல் 11 ஆம் திகதிய வர்த்தமானி, நோயால் இறந்தோரைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்வதை அனுமதித்திருந்த நிலையிலும் அது தொடர்ந்தது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு எடுக்க 2020 டிசெம்பர் 1 அன்று உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. 2021 பெப்ரவரி இறுதியில் வர்த்தமானி திருத்தப்பட்டு, ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 யூலையில் அமைச்சரவை முஸ்லிம் சமூகத்திடம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. இந்தத் திகதிகளைப் பலகையில் எழுதிவிட்டு, இறந்தவரை அடக்கம் செய்வது 10 ஆம் உறுப்புரையின் மனச்சாட்சியா, 14(1)(உ) இன் அனுட்டானமா என்ற ஒரே கேள்வியை வளவாளர் முன்வைத்தார். முன்னதாயின் பொதுச் சுகாதாரத்தின் பெயரால் தொட முடியாது, பின்னதாயின் தொடலாம். தம் குடும்பத்தில் ஒருவரை அவ்வாறு தகனத்துக்குக் கொடுக்க நேர்ந்த ஒரு தாயார் அறையில் இருந்தார். சட்டக் கேள்வியைத் தளர்த்தாமலும் அவரின் துயரத்தைப் பாடப்பொருளாக்காமலும் அந்தப் பிற்பகலை நடத்திச் சென்ற பக்குவத்தை நான் வேறெந்த வகுப்பிலும் கண்டதில்லை.

இனிக் குறைகள். முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாது. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டமாகிய அது, அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டங்களைக் காக்கும் 16 ஆம் உறுப்புரையின் பாதுகாப்பால், சமத்துவ உரிமைக்கு முரண்பட்டாலும் வலிதுடையதாகவே நிற்கிறது. பொதுச் சட்டத்தில் திருமண வயது 1995 முதல் 18 ஆக இருக்க, இச்சட்டத்தில் அத்தகைய எல்லை இல்லை. பெண்கள் காதியாக, அதாவது இச்சட்டத்தின் கீழ் வழக்கு விசாரிக்கும் நீதிபதியாக, நியமனம் பெற முடியாது. 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2018 இல்தான் அறிக்கை கையளித்தது. அரசு மதத்தில் தலையிடுவதை எதிர்க்கும் நாமே, மதத்துக்குள் இருக்கும் பெண்ணின் உரிமையைக் காக்க அரசு தலையிட வேண்டும் என்று கேட்க நேரும் இடம் இது. இத்தகைய விடயத்தை அரை அமர்வில் முடிப்பது நியாயமல்ல. முஸ்லிம் பெண் சட்டத்தரணி ஒருவரை அழைத்து ஒரு முழுப் பிற்பகலைக் கொடுக்க வேண்டும்.

இந்துக்களைப் பற்றிய இடைவெளி அதைவிடப் பெரியது. நம்மை அரசால் பாதிக்கப்பட்டவர்களாக மட்டுமே பாடநெறி காட்டுகிறது. சாதி காரணமாகக் கோயிலுக்குள் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்கிய 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும், 1968 இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் எங்குமே வரவில்லை. அரசின் சட்டம் நம் கோயில் வாசலுக்கு வந்தபோது அதை மறித்தவர்களும் நம்மவர்களே. இதைச் சேர்க்காமல் மதச் சுதந்திரத்தைத் தமிழில் கற்பிப்பது முழுமையாகாது என்று உறுதியாக நம்புகிறேன். வகுப்பின் முடிவில் எழுதிக் கொடுத்த கருத்துப் படிவத்திலும் இதையே எழுதினேன். முல்லைத்தீவின் குருந்தூர்மலை போன்ற இடங்களில் 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் எவ்வாறு வழிபாட்டுரிமையோடு மோதுகிறது என்பதும் மேலோட்டமாகவே தொடப்பட்டது. அங்கே 9 ஆம் உறுப்புரை நேரடியாகப் பேசுவதில்லை. தொல்பொருள் திணைக்களத்தின் பலகையும் வேலியும் பேசுகின்றன. இந்த நிர்வாக வடிவம்தான் வடக்கு, கிழக்கு மக்கள் அன்றாடம் சந்திப்பது. கொழும்பில் இருந்துகொண்டு பேசும் வகுப்புக்கு அந்தத் தூரம் தெரிகிறது.

பாடப் பொருட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறுப்புரைகள் தமிழில் தரப்படுகின்றன. தீர்ப்புகளின் பகுதிகளோ ஆங்கிலப் போட்டோப் பிரதிகளாகவே கிடைக்கின்றன. வளவாளர் வாய்மொழியாகத் தமிழில் விளக்குகிறார் என்றாலும், வீட்டுக்குப் போய்த் திரும்பப் படிக்க முடியாமல் தவித்தவர்கள் பலர். முக்கியமான பந்திகளையாவது தமிழாக்கிக் கொடுத்தால், இதுவரை இல்லாத ஒரு தொகுப்பு நம் மொழிக்குக் கிடைக்கும். சில பிரதிகள் மங்கலாகவும் இருந்தன. அறையில் குளிரூட்டி உண்டு. ஆனால் கரையோரப் புகையிரதம் போகும்போது பின்வரிசைக்குப் பேச்சுக் கேட்பதில்லை, ஆகவே முன்னால் அமருவது நல்லது. பௌர்ணமிப் போயா சனிக்கிழமையில் வந்தால் வகுப்பு இல்லை.

பாடநெறியின் ஒரு பகுதியாகப் புதுக்கடைக்கு அழைத்துச் செல்கிறார்கள். வார நாளில் என்பதால் தொழில் செய்வோருக்கு விடுமுறை எடுக்க வேண்டிவரும். அடிப்படை உரிமை மனுக்கள் திறந்த மன்றில் எடுக்கப்படுவதை நேரில் பார்ப்பது வகுப்பறையில் கிடைக்காத அனுபவம். ஒரு மனு விசாரணைக்கு ஏற்கப்படுமா என்பது சில வேளை ஒரு சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடுகிறது. அதற்குள் சட்டத்தரணி எந்த உறுப்புரையை முதலில் சொல்கிறார் என்பதில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அங்கேதான் கண்டேன். 126 ஆம் உறுப்புரையின்படி மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதையும், அது நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிராக மட்டுமே என்பதையும் திரும்பும் வழியில் பஸ்ஸில் இளம் சட்டத்தரணி மீண்டும் நினைவூட்டினார்.

இறுதி அமர்வு எதிர்காலம் பற்றியது. புதிய அரசியலமைப்புக்காக 2016 இல் பொதுமக்களின் கருத்தறிந்த குழு, மதம் பற்றிய உறுப்புரையில் ஒரே முடிவுக்கு வர முடியாமல் மாற்று வாசகங்கள் பலவற்றை முன்வைத்ததும், 2017 இன் இடைக்கால அறிக்கை முதன்மைத் தானத்தை விட்டுக்கொடுக்காததும் பேசப்பட்டன. பங்குபற்றுவோர் தம் சொந்த வாசகத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் சிங்கள பௌத்த நண்பர், சாசனத்தை அரசிடமிருந்தும் பாதுகாக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அரசியல்வாதிகள் விகாரைகளைத் தேர்தல் மேடையாக்குவதால் முதலில் கெடுவது தம் மதமே என்பது அவர் வாதம். அதைப் பற்றி நேரம் முடிந்த பிறகும் படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

சட்ட மாணவர்களுக்கு இது ஆரம்ப நிலையாகத் தோன்றலாம். ஆசிரியர்கள், கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகத்தில் இருப்போர், ஊடகத்துறையினர், உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஆகியோருக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். சேர விரும்புவோர் 21 ஆம் திருத்தம் வரை உள்ளடக்கிய அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியைப் பாராளுமன்ற இணையத்தளத்திலிருந்து இறக்கி அச்சிட்டு, 9, 10, 14, 15, 83 ஆகியவற்றை ஒரு முறை வாசித்துவிட்டு முதல் நாளுக்குப் போவது நல்லது. அடுத்த பிரிவைப் பற்றிய துண்டுப் பிரசுரம் வெள்ளவத்தைப் புத்தகக் கடைகளுக்கு வரும். இடங்கள் குறைவு என்பதால் கண்டவுடன் பதிவு செய்துகொள்ள வேண்டும்.